சவரன் காசும் நினைவுப் பதக்கமும்: இனம் காண்பது எப்படி?

நம் வணிகர்கள் பலரது இரும்புப் பெட்டியில் தங்கக் காசு ஒன்றிரண்டு இருக்கும். பாட்டி காலத்துச் சவரன், கம்பெனிகள் விற்பனை இலக்குக்குத் தந்த காசு, விழா நினைவுப் பதக்கம் எனப் பல வகை. பழைய பாக்கிக்காக வாடிக்கையாளர் காசு நீட்டுவதும் உண்டு. எல்லாவற்றையும் 'ஒரு பவுன்' என்று ஒரே கணக்கில் எடுத்தால் நஷ்டம் நமக்கே.

கடைத்தெருவில் பவுன் என்றால் 8 கிராம். அசல் பிரிட்டிஷ் சவரனோ 7.988 கிராம்; விட்டம் 22.05 மில்லிமீட்டர், 22 காரட். அதில் சுத்தத் தங்கம் 7.322 கிராம். மெக்சிகோ நாடு விடுதலை நூற்றாண்டு நினைவாக 1921-இல் வெளியிட்ட 50 பெசோ காசின் எடை 41.67 கிராம், ஆனால் சுத்தத் தங்கம் 37.5 கிராம்தான். இதைக் காசிலேயே பொறித்திருக்கிறார்கள். ஆக, மொத்த எடை வேறு, தங்க எடை வேறு. நினைவுப் பதக்கத்துக்கோ பொதுவான அளவே கிடையாது. தங்க முலாம் பூசிய வெள்ளியாகவும் இருக்கலாம்.

சோதிக்கும் முறை:

1. எடை: மளிகைத் தராசு இதற்கு உதவாது. மில்லிகிராம் காட்டும் நகைக்கடைத் தராசு வேண்டும்.

2. அளவு: சவரன் அளவிலேயே செய்த பித்தளைக் காசு ஏறக்குறைய பாதி எடைதான் நிற்கும். எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும்.

3. தரம்: தெற்காவணி மூல வீதி போன்ற நகைக்கடை வீதிகளில் காரட் பார்க்கும் இயந்திரம் உண்டு. அது மேற்பரப்பையே காட்டும். ஆகவே மூன்றும் ஒத்துவர வேண்டும்.

சேகரிப்போர் ஆண்டையும் அச்சுச்சாலைக் குறியையும் பார்ப்பார்கள். 1918-இல் பம்பாயில் ஏறத்தாழ 13 லட்சம் சவரன்கள் அச்சாயின. குதிரை வீரன் பக்கத்தில், ஆண்டுக்கு மேலே உள்ள தரைக்கோட்டில் 'ஐ' என்ற சிறிய ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாய்க் காசு. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பு மதிப்பு குறையும். பற்றுப்பொடி எடையும் கூடியிருக்கும். பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கவும் கூடாது.

வாங்கும்போது ரசீது பெறுவோம். கம்பெனி காசை அதன் உறை, சான்றிதழுடன் வைத்திருப்போம். பாக்கிக்காக வரும் காசைச் சோதித்த பிறகே கணக்கில் வரவு வைப்போம். அடகு பிடிப்பது உரிமம் பெற்றவர் செய்யும் தொழில் என்பதையும் மறவாதிருப்போம்.