கல்லீரலுக்கு இரட்டைச் சுமை

மாணவர்களே! ஒக்கூர்ப் பக்கத்து ஊருணிகளைப் பார்த்திருப்பீர்கள். வரத்துக்கால் தூர்ந்துவிட்டால், நல்ல மழை பெய்தும் ஊருணி நிரம்பாது அல்லவா? நம் கல்லீரலுக்கும் இந்நிலை வரலாம்.

ஏறத்தாழ 1½ கிலோ எடையுள்ள கல்லீரல், இரத்தத்தில் வரும் நச்சுப் பொருள்களைச் சிதைக்கிறது. தென் அமெரிக்கக் கோக்கா இலையிலிருந்து எடுக்கப்படும் கோகேன் என்னும் போதைப்பொருளும் இங்கே சிதைகிறது. அதில் ஒரு பகுதி நார்கோகேனாக மாறுகிறது. இது மேலும் மாறும்போது, கடுமையாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவற்றைத் தணிக்கும் குளூட்டதயோன் தீர்ந்துவிட்டால் கல்லீரல் செல்கள் மடிகின்றன. அங்கே நார்த்தழும்பு விழுகிறது. தழும்பு பெருகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். வரத்துக்கால் தூர்ந்த கதைதான்!

எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஆபத்து ஏன் மிகுதி? அவ்வைரஸே கல்லீரலில் அழற்சியைத் தூண்டுகிறது. போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டால் ஹெபடைடிஸ் சி வைரஸும் தொற்றலாம். போதையில் மருந்து வேளை தவறினால் எச்.ஐ.வி. மீண்டும் பெருகும். கோகேனுடன் மதுவும் சேர்ந்தால், கல்லீரலிலேயே கோகாஎதிலீன் என்ற நச்சு உருவாகும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலில், 1986இல், வெளிக்கொணர்ந்தவர்கள் சென்னையைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ஆவர். 2004 முதல் அரசு கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கி வருகிறது. நாள்தோறும் தவறாமல் உட்கொள்பவர் நெடுங்காலம் நலமாக வாழலாம்.

தொடக்கநிலைத் தழும்பு, காரணத்தை நீக்கினால் குறையக்கூடும். தூர் வாரினால் ஊருணிக்கு மீண்டும் நீர் வருவதில்லையா? எனவே, நோயுற்றவரை ஒதுக்காதீர்கள், போதையை ஒதுக்குங்கள்!