எச்-இண்டெக்ஸ் குறைந்தால் பதவி உயர்வு போச்சா?

கலைக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர் நான். பல்கலைக்கழக இணைப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க வேண்டும். என் எச்-இண்டெக்ஸ் வெறும் 5. தேறுமா?
- வாசகி, காந்திபுரம்

கவலையை விடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகள் இந்தப் பணிக்கு எச்-இண்டெக்ஸைக் கேட்கவே இல்லை. முனைவர் பட்டம், எட்டு ஆண்டு அனுபவம், குறைந்தது 7 கட்டுரைகள், 75 ஆய்வு மதிப்பெண்: இவைதான் முக்கியத் தகுதிகள்.

அறிவியல் கட்டுரைக்கு அடிப்படை மதிப்பெண் 8. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பொறுத்து அது கூடும். இருவர் எழுதியிருந்தால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30. பெயர் நடுவில் இருக்கும் கட்டுரைகளைக் கூட்டும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்றே கணக்குப் போடுங்கள்.

ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த அளவுகோல் எச்-இண்டெக்ஸ். உங்கள் 5-க்குப் பொருள், ஐந்து கட்டுரைகள் தலா ஐந்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்பதே. துறைக்குத் துறை இது மாறும்; தமிழ்த்துறையையும் மருத்துவத்தையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கோ 205 ரகம் 1918-இல் வெளியாகி வட இந்திய வயல்களை மாற்றியது. அந்தத் தாக்கத்தை எந்த மேற்கோள் எண்ணிக்கை சொல்லும்? நல்லவேளையாக, யுஜிசி விதிகளில் காப்புரிமை, ஆய்வு நிதி, வழிகாட்டிய மாணவர்கள் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. சான்றுகளை ஒரே கோப்பில் சேருங்கள்.

தரமான இதழ்களைக் காட்டிய யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. இனி இதழின் தரத்தை நீங்களே பார்க்க வேண்டும்; ஆகவே, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சிடுகிறேன் என்று அழைக்கும் இதழ்கள் பக்கமே போகாதீர்கள். நேர்காணலில் அவைதான் முதலில் கேள்விக்கு வரும்.