மூடும் நேரமும் தெரியும் பெயரும்: இணைய வாக்கெடுப்பு குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

கேள்வியும் விடைகளும் ஒழுங்காக அமைந்துவிட்டால் போதும், இணைய வாக்கெடுப்பைத் திறப்பதும் மூடுவதும் சாதாரண நிர்வாக வேலைதான் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் வாக்கெடுப்பின் நிலை, அதாவது அது பதில்களை ஏற்றுக்கொண்டிருக்கிறதா, மூடப்பட்டுவிட்டதா என்பதுதான், யாருடைய கருத்து கணக்கில் சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூரில், பேருந்து நேரத்தை மாற்றலாமா என்று கேட்கும் ஒரு வாக்கெடுப்பு காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடப்படுவதாக வைத்துக்கொள்வோம். வெடிமருந்து புழங்கும் இடத்தில் செல்போனுக்கு அனுமதி இல்லாததால், பட்டாசு ஆலைத் தொழிலாளர்கள் அதை வாசலில் ஒப்படைத்துவிட்டோ வீட்டிலேயே வைத்துவிட்டோதான் மருந்து செலுத்தும் அறைக்குள் நுழைகிறார்கள். அந்தப் பேருந்தை நம்பிப் பிழைப்பவர்கள் வேலை முடிந்து, வீடு வந்து, போனைக் கையில் எடுக்கும்போது முடிவே அறிவிக்கப்பட்டிருக்கும். இத்தகைய ஊரில் ஒரு விடுமுறை நாளையாவது உள்ளடக்காத வாக்கெடுப்பை ஊரின் கருத்தாக முன்வைப்பது நியாயமாகாது.

மூடிய வாக்கெடுப்பு முடிந்த வாக்கெடுப்பு என்பதும் முழு உண்மையன்று. கூகுள் படிவத்தில் பதில் ஏற்பதை நிறுத்தினாலும் வந்த பதில்கள் அழிவதில்லை, விரும்பும்போது மீண்டும் திறக்கலாம். டெலிகிராமில் நிறுத்திய வாக்கெடுப்பையோ மறுபடி திறக்க இயலாது. ஆகவே முடிவு வெளியான பின் படிவம் மீண்டும் திறக்கப்பட்டதா என்று கேட்பது வாக்களித்தவர்களின் உரிமை.

ஒருவர் ஒருமுறை மட்டுமே பதிலளிக்கலாம் என்ற கட்டுப்பாட்டைக் கூகுள் படிவத்தில் இட்டுவிட்டால் ஆளுக்கொரு வாக்கு உறுதியாகிவிடும் என்றும் கருதப்படுகிறது. அந்தக் கட்டுப்பாடு எண்ணுவது கணக்குகளை மட்டுமே. இரண்டு கூகுள் கணக்கு வைத்திருப்பவர் இரண்டு முறை பதிலளிக்கலாம். ஒரே போனை மாமியாரும் மருமகளும் பகிர்ந்துகொள்ளும் வீட்டிலோ இருவருக்கும் சேர்த்து ஒரு வாக்கே விழக்கூடும்.

இவை அனைத்தையும்விடக் கவலை தருவது, இணைய வாக்கு இரகசியமானது என்ற நம்பிக்கை. 2022 நவம்பரில் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்த வாக்கெடுப்பு வசதியில், வழக்கமான அமைப்பின்படி, யார் எதற்கு வாக்களித்தார் என்பதைக் குழுவிலுள்ள அனைவரும் பெயரோடு பார்க்க முடியும். போர்மேனும் கூலித் தொழிலாளியும் ஒரே குழுவில் இருக்க, வேலை நேரம் பற்றியோ பாதுகாப்புக் குறை பற்றியோ அங்கே வாக்கெடுப்பு நடந்தால், கிடைக்கும் விடையில் கருத்தைவிட அச்சமே மிகுந்திருக்கும். டெலிகிராம் வாக்கெடுப்பு இயல்பாகவே பெயர் மறைத்து நடப்பது. வாக்கெடுப்பை உருவாக்கும்போதே அந்த அமைப்பை மாற்றினால்தான் பெயர்கள் வெளிப்படும். கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பு செயலில் இருந்தால், பதிலோடு முகவரியும் படிவத்தை உருவாக்கியவருக்குப் போய்ச் சேரும். அச்சமின்றிச் சொல்ல வேண்டிய கருத்தைக் கேட்பவருக்கு, முதலில் இந்த அமைப்புகளைச் சரிபார்ப்பதும், பெயர் தெரியுமா தெரியாதா என்பதைக் கேள்விக்கு மேலேயே எழுதி வைப்பதும் கடமை.

பதில்கள் ஏராளமாகக் குவிந்தால் முடிவு சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு விருதுநகரே விடை தருகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் இத்தொகுதியில் மாணிக்கம் தாகூர், விஜய பிரபாகரனைவிட 4,379 வாக்குகளே கூடுதலாகப் பெற்று வென்றார். இவ்வளவு நெருக்கமான போட்டியின் போக்கை, எத்தனை பதில்கள் குவிந்தாலும், விரும்பியவர்கள் மட்டும் தாமாக வந்து பதிலளிக்கும் வாக்கெடுப்பால் கணிக்க முடியாது.

ஊராட்சி முடிவெடுக்க வேண்டிய பொருளில் இணைய வாக்கெடுப்புக்குச் சட்டப்படி எந்த வலுவும் இல்லை. அதற்கான தீர்மானம், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கூடும் ஊராட்சி மன்றக் கூட்டத்திலோ கிராம சபையிலோதான் நிறைவேற வேண்டும். வாக்கெடுப்பு முடிவை அங்கே வைப்பவர், அது எந்த நாள் எந்த நேரம் திறந்திருந்தது, பெயர்கள் தெரிந்தனவா, ஒருவர் எத்தனை முறை பதிலளிக்க முடிந்தது என்ற விவரங்களையும் உடன் வைக்க வேண்டும்.