சளிக்கு ஆண்டிபயாட்டிக் எதற்கு? பிரான்சு தேசத்தின் அனுபவம்



"வாங்குங்கள், வாங்குங்கள்" என்று கூவும் விளம்பரங்களையே நாம் அன்றாடம் பார்க்கிறோம். நாமும் கடைக்காரராதலால் அத்தகைய விளம்பரத்தைக் குறை சொல்லும் உரிமை நமக்கில்லை. ஆனால் "கேட்காதீர்கள்; தேவையானபோது மட்டும் பெற்றுக் கொள்ளுங்கள்" என்று ஒரு தேசத்தின் சுகாதார இன்ஷூரன்ஸ் ஸ்தாபனமே பெரும் பணம் செலவழித்து விளம்பரம் செய்தது என்றால் அது கவனிக்கத்தக்க விஷயமல்லவா? அதைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம்.

முதலில் மருந்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். 1928-ம் ஆண்டில் லண்டனில் அலெக்ஸாந்தர் பிளெமிங் என்பவர் பூஞ்சைக் காளான் ஒன்று கிருமிகளை வளரவிடாமல் தடுப்பதைக் கண்டார். அதிலிருந்து வந்ததுதான் பெனிசிலின். பின்னர் இவ்வகை மருந்துகள் பல வந்தன. இவற்றையே ஆண்டிபயாட்டிக் என்கிறோம். இவை பாக்டீரியா என்னும் கிருமிகளைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் செய்யும். வைரஸ் என்பது வேறு ஜாதி. அதன்மீது இம்மருந்துகளுக்கு எவ்வித அதிகாரமும் இல்லை. சளி, இன்புளுவென்சா, பெரும்பாலான இருமல், பெரும்பாலான தொண்டை வலி ஆகியவை வைரஸினால் வருபவை. நம் நாட்டை வாட்டும் டெங்கு ஜுரமும் அப்படியே. கொசுவுக்கு எலிப்பொறி வைத்தால் கொசு சாகுமா?

"சாகாவிட்டால் போகட்டும், நஷ்டம் என்ன?" என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் குடலிலும் தோலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தேவையின்றி மருந்து உண்ணும்போது அவற்றுள் பலவீனமானவை மடிந்து, மருந்தைத் தாங்கக் கூடியவை மிஞ்சிப் பெருகுகின்றன. அந்தத் திறமையை அவை மற்றக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடுகின்றன. நாளை உண்மையாகவே நிமோனியாவோ இரத்தத்தில் விஷக் கிருமியோ வந்தால், அதே மருந்து வேலை செய்யாது. 2019-ம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இவ்விதம் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களின் நேரடிக் காரணத்தால் மாண்டனர் என்று 2022-ல் கணக்கிட்டு வெளியிட்டார்கள்.

2015-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம், இந்தியா, இந்தோனேசியா உட்பட 12 நாடுகளில் சுமார் 10,000 பேரை விசாரித்தது. அவர்களில் 100-க்கு 64 பேர், சளிக்கும் இன்புளுவென்சாவுக்கும் ஆண்டிபயாட்டிக் மருந்தாகும் என்று நம்பினர். 100-க்கு 76 பேர், மருந்துக்குப் பழகிப்போவது மனிதனுடைய உடம்பு என்று எண்ணினர். இது தவறு. பழகிப்போவது உடம்பல்ல, கிருமி. ஆகவே வாழ்நாளில் இம்மருந்தைத் தொடாதவருக்கும் அடுத்த வீட்டிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ அக்கிருமி வந்து சேரலாம். "நான் எப்போதாவதுதான் சாப்பிடுகிறேன், எனக்கென்ன" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி பிரான்சு தேசத்துக்கு வருவோம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலேயே மிக அதிகமாக ஆண்டிபயாட்டிக் உண்ட நாடுகளில் முதல் வரிசையில் நின்றது பிரான்சு. குழந்தை தும்மினால் டாக்டர், டாக்டர் பார்த்தால் ஆண்டிபயாட்டிக் என்ற நிலை. 2002-ம் ஆண்டில் அந்நாட்டு இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் பிரசாரத்தைத் துவக்கியது. "லெ ஸாந்திபியோதிக், செ பா ஓத்தொமாதிக்" என்பது அதன் வாசகம். ஆண்டிபயாட்டிக் என்பது எடுத்த எடுப்பில் தானாக வந்துவிடும் பொருளல்ல என்பது கருத்து. 'பியோதிக்', 'ஓத்தொமாதிக்' என்று அதில் எதுகை விழுகிறது. குளிர்காலந்தோறும் டெலிவிஷனிலும் வானொலியிலும் அது ஒலித்தது.

வெறும் வாசகத்தோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே நாம் மெச்சும் அம்சம். தொண்டை வலியில் பாக்டீரியா உண்டா இல்லையா என்று பஞ்சுக் குச்சியால் தடவிச் சில நிமிஷங்களில் பார்த்துவிடும் பரிசோதனையை டாக்டர்களுக்கு இலவசமாக வழங்கினார்கள். பெற்றோரிடம் "வேண்டாம்" என்று சொல்ல டாக்டருக்குக் கையில் ஓர் அத்தாட்சி வேண்டுமே! ஐந்து ஆண்டுகளில் 100-க்கு 25 குறைப்பது என்று இலக்கு வைத்தார்கள். 2007 வரையிலான குளிர்காலங்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான கணக்கின்படி, டாக்டர்கள் எழுதிய ஆண்டிபயாட்டிக் சீட்டுகள் 100-க்கு 26.5 குறைந்தன. 6 வயது முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளிடையே குறைவு 35.8. பிரசாரம் ஒன்றினாலேயே இது நடந்தது என்று ஆராய்ந்தவர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை; அது அவர்களுடைய நேர்மை. பின்னர் இந்த இறக்கம் நின்று, சில ஆண்டுகள் உபயோகம் சற்று ஏறியும் இருக்கிறது. 2010-ல், தவறாக உபயோகித்தால் அவற்றின் வலிமை குன்றும் என்ற பொருளில் வாசகத்தை மாற்றினார்கள். நம்மைக் கேட்டால் முதல் வாசகமே மேல் என்போம். பயமுறுத்தும் வார்த்தையைவிடப் பாட்டுப்போல் நாவில் நிற்கும் வார்த்தைக்கு ஆயுள் அதிகம்.

எல்லா நாட்டுப் பிரசாரமும் இப்படிப் பலித்ததில்லை. 2008-ல் இங்கிலாந்தில் போஸ்டர்களும் பத்திரிகை விளம்பரங்களும் வெளியிட்டார்கள். மறு வருஷம் விசாரித்துப் பார்த்தபோது மக்கள் எண்ணத்தில் சொல்லத்தக்க மாற்றமில்லை. சுவரில் காகிதத்தை ஒட்டிவிட்டால் சரக்கு விற்றுவிடும் என்று நினைப்பது அனுபவமற்ற வியாபாரியின் எண்ணம். தாய்லாந்திலோ 2007-ல் வேறு வழி கண்டனர். சாதாரணச் சளி, வயிற்றுப்போக்கு, சிறு காயம் என்ற மூன்றுக்கு மட்டும் ஆண்டிபயாட்டிக்கைக் குறைப்பதென்று முடிவு செய்து, சரபுரி மாகாணத்தில் ஆரம்பித்தார்கள். தொண்டை வலிக்கு அதற்குப் பதிலாக மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். எந்த மூலிகை என்கிறீர்கள்? நம் ஊரில் கஷாயம் வைக்கும் நிலவேம்புதான்! நிலவேம்பு சகல நோயையும் தீர்க்கும் என்று நாம் கூறவரவில்லை. வைத்தியரிடம் போனவன் வெறுங்கையோடு திரும்ப மாட்டான் என்ற மனித சுபாவத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதையே சுட்டுகிறோம்.

இந்த சுபாவம் நம்மிடையே குறைவா? மலேசியாவில் தனியார் கிளினிக்கில் டாக்டரே பார்த்து, மருந்தும் அங்கேயே கொடுக்கிறார்கள். "இத்தனை வெள்ளி கட்டினோம், பெரிய மருந்து ஒன்றும் தரவில்லையே" என்று வெளியே வந்து குறைப்படுவோரை நாம் கண்டிருக்கிறோம். நம் கடைக்கு வருவோரும், "நானா, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கேப்சூல் இருக்குமே, நாலு கொடுங்க" என்று கேட்பதுண்டு. 1952-ம் ஆண்டு விஷப் பொருள் சட்டப்படி டாக்டர் சீட்டின்றி அதை விற்க முடியாது. மளிகைக் கடையில் அதற்கு இடமே இல்லை.

அதைவிடப் பெரிய வாசல் நம் பெட்டிகள்தாம். தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பும்போது முறுக்கு, கருவாட்டோடு மருந்து அட்டைகளும் வருகின்றன. அங்கே பல கடைகளில் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அட்டைகளின் பின்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டின்றி உண்ணக்கூடாத மருந்து என்பதற்கு அதுவே அடையாளம். ஆண்டிபயாட்டிக் மட்டுமல்ல, வேறு மருந்துகளிலும் அக்கோடு உண்டு. இதை ஜனங்களுக்கு அறிவிக்க இந்திய அரசாங்கம் 2016-ல் ஒரு பிரசாரமே நடத்தியது. கோட்டைப் பார்த்தவர் பலர், பொருள் அறிந்தவர் சிலர்.

வீட்டிலிருக்கும் தாய்மார்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்தால் நல்லது. சாதாரணத் தொண்டை வலி ஒரு வாரம் இருக்கும். சளி இரண்டு வாரம் வரை நீளலாம். இருமல் மூன்று வாரம்கூட நிற்கலாம். நான்காம் நாளில் "இன்னும் போகவில்லையே" என்று மருந்தை மாற்றத் துடிப்பதே பெரும்பாலும் வீண் செலவு. ஆனால் மூச்சு வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்தாலோ, ஜுரம் இரண்டு மூன்று நாளில் இறங்காவிட்டாலோ கணக்குப் பார்த்துக் கொண்டிராமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். அங்கே "ஆண்டிபயாட்டிக் தாருங்கள்" என்று கேட்பதற்குப் பதிலாக, "இது பாக்டீரியாவா, வைரஸா டாக்டர்?" என்று கேளுங்கள். அவரும் மகிழ்வார். அவர் எழுதிக் கொடுத்தால், சொன்ன வேளைக்கு, சொன்ன நாள்வரை உண்ண வேண்டும். அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்குக் கொடுக்கலாகாது.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளைக் கால்வாயில் கொட்ட வேண்டாம். அவை தண்ணீரோடு போய் அங்குள்ள கிருமிகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கும். மலேசியாவிலிருப்போர் அவற்றைச் சர்க்கார் ஆஸ்பத்திரியின் மருந்துப் பகுதியில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.