மூன்று துண்டுகளும் ஒரு கருவியும்

அன்புள்ள தங்கைக்கு,

நெட்வொர்க் அனலைசரில் வேலை கற்கத் தொடங்கியிருக்கிறாய். திரையும் பொத்தான்களும் சில நாளில் பழகிவிடும். நான் எழுத நினைத்தது பக்கத்துப் பெட்டியில் இருக்கும் ஷார்ட், ஓப்பன், லோடு என்ற சிறு உலோகத் துண்டுகளைப் பற்றி. அந்தக் கருவி சொல்லும் ஒவ்வோர் எண்ணும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

ஒரு போர்ட்டில் முறையாகத் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் மூன்று: போகும் அலை திரும்பும் அலையோடு கசிந்து கலப்பது, கருவியின் முனையே அலையை மீண்டும் எதிரொலிப்பது, பாதை அலைவெண்ணுக்கேற்ப ஏறி இறங்குவது. தெரியாதவை மூன்று என்பதால், விடை முன்பே தெரிந்த மூன்று துண்டுகளை அளந்து, அந்தப் பிழைகளைக் கணக்கிட்டுத் திருத்துகிறோம். அப்போது கருவி அந்தத் துண்டுகளைச் சோதிப்பதில்லை. அவை அடங்கிய கிட்டின் வரையறையில் உள்ளதை அப்படியே நம்புகிறது. வேறு கிட்டின் பெயரைத் தேர்ந்தாலும், ஆண் முனையைப் பெண் முனை என்று சொன்னாலும், மறுபேச்சின்றிக் கணக்குப் போட்டுவிடும்.

ஓப்பனை எடுத்துக்கொள். திறந்த முனையில் மின்புலம் வெளியே வழிவதால் அங்கே ஒரு சிறு மின்தேக்கம் இருக்கும். அது 50 ஃபெம்டோஃபாரட் என்றால், 6 கிகாஹெர்ட்ஸில் கட்டம் ஏறக்குறைய 11 டிகிரி தள்ளிப்போகும். வரையறையில் ஓப்பனுக்கு நான்கு கெழுக்கள் இருப்பது இதற்காகத்தான்.

லோடில் இன்னும் கவனம் வேண்டும். சரியாக 50 ஓம் என்று வரையறுத்த லோடின் உண்மையான ரிட்டர்ன் லாஸ் 40 டெசிபல் என்றால், திருத்தத்துக்குப் பிறகும் அந்த அளவு கசிவு உன் கருவியில் எஞ்சும். 30 டெசிபல் ரிட்டர்ன் லாஸ் உள்ள ஆன்டெனாவை அளந்தால், திரையில் 27.6 வரலாம், 33.3-ம் வரலாம்.

கையின் பழக்கமும் அளவில் சேரும். பூட்டும்போது நட்டை மட்டும் திருப்பு. துண்டைச் சுழற்றினால் முனை தேயும். 3.5 மி.மீ. கனெக்டருக்கு 0.9 நியூட்டன் மீட்டர், பித்தளை எஸ்எம்ஏவுக்கு 0.56 என்ற அளவில் டார்க் ரெஞ்ச் வைத்துக்கொள். முன்பின் தெரியாத கனெக்டரைப் பூட்டுமுன் நடுமுனையின் ஆழத்தை கேஜில் பார்த்துவிடு. நீண்டிருக்கும் முனை எதிரிலுள்ள நல்ல முனையையும் கெடுத்துவிடும்.

லோடையே நம்பியிராத வழியும் உண்டு. 1979இல் அமெரிக்காவின் போல்டரில், தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் எங்கன், ஹோயர் என்ற இருவர் டிஆர்எல் என்ற திருத்த முறையை வெளியிட்டார்கள். த்ரூ, ரிஃப்ளெக்ட், லைன் என்ற மூன்றே போதும். ரிஃப்ளெக்டின் மதிப்பு தெரிய வேண்டியதில்லை. இரு போர்ட்டிலும் ஒன்றாக இருந்தால் சரி. லோடின் இடத்தை லைன் எடுத்துக்கொள்கிறது. காற்று லைனில் வெளிக்கடத்தியின் உள்விட்டம் 7 மி.மீ., உள்கடத்தியின் விட்டம் 3.04 மி.மீ. என்றால் 50 ஓம் கிடைக்கும். இம்பீடன்ஸை நீள அளவிலிருந்தே பெறும் இந்த வழி எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது. த்ரூவுக்கும் லைனுக்கும் கட்ட வேறுபாடு 20 முதல் 160 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதனால் அகன்ற அலைவரிசைக்குப் பல லைன்கள் தேவைப்படும்.

எந்த முறையில் செய்தாலும், திருத்தம் முடிந்ததும் அதே லோடைப் பூட்டி, திரையில் அழகான கோட்டைக் கண்டு திருப்தி அடையாதே. அது சரி என்று கருவிக்குச் சொன்னவளே நீதானே! திருத்தத்தில் பங்குகொள்ளாத ஒன்றைப் பூட்டு. நீளம் தெரிந்த ஆஃப்செட் ஷார்ட் ஒன்று இருந்தால், எதிரொலிப்பு பூஜ்ய டெசிபலுக்கு அருகே வழவழப்பாக வர வேண்டும். அலையலையாக வந்தால் துண்டுகளைத் துடைத்து மறுபடி தொடங்கு.

அறிக்கையில் எண்ணை எழுதும்போது எந்த கிட், எப்போது சான்று பெற்றது, எஞ்சிய பிழை எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுது. உன் எண்ணை நம்பி இன்னொருவர் ஆன்டெனாவையோ வடிகட்டியையோ வடிவமைப்பார். எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்