செம்பியின் பிரிவு

திருவனந்தபுரம் நகரில் கரமனையாற்றை அடுத்த ஒரு தெருவில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாழ்ந்து வந்தாள். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்தவள். அவள் வீட்டில் மூன்று கோழிகள் இருந்தன. அவற்றுள் செந்நிறக் கோழிக்குச் ‘செம்பி’ எனப் பெயரிட்டிருந்தாள். பள்ளி விட்டு அவள் திரும்பும்போது செம்பி வாயிலுக்கே ஓடிவரும்.

ஒரு நாள் காலை அவள் பஞ்சாரத்தைத் தூக்கினாள். மற்ற இரண்டும் வெளியே ஓடின. செம்பி மட்டும் இறகுகளைச் சிலிர்த்து, கண்களை மூடி நின்றது. இரையைத் தொடவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. தந்தை அதனைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்.

மருத்துவர் சோதனைக்கு மாதிரி எடுத்தார். “இது வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கலாம். ராணிக்கேத் நோய் என்பதும் இதுவே. 1926ஆம் ஆண்டு ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இது கண்டறியப்பட்டது. பின்னர் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கேத்தில் காணப்பட்டதால் நம் நாட்டில் அப்பெயர் பெற்றது. இது வைரசால் வருவது. வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை, வராமல் காக்கும் தடுப்பு மருந்து உண்டு” என்றார்.

மறுநாள் விடியுமுன் செம்பி இறந்தது. ஆய்வு முடிவும் அந்நோயையே உறுதி செய்தது.

“நேற்று முன்தினம் மாலையே நான் கவனித்திருந்தால் பிழைத்திருக்குமோ?” என்று அவள் அழுதாள்.

“இல்லை, மகளே. தளர்ந்த பறவையைத்தான் பகை விலங்கு முதலில் பிடிக்கும். ஆகவே பறவைகள் இயன்றவரை நோயை வெளிக்காட்டுவதில்லை. நாம் காணும்போது நோய் முற்றியிருக்கும். அது உன் பிழையன்று” என்றார் மருத்துவர்.

தந்தை தலை குனிந்தார். “தடுப்பு மருந்து போடும் நாளைத் தள்ளிப் போட்டவன் நான். தவறு என்னுடையது, அம்மா” என்றார். அவள் மறுமொழி கூறவில்லை. அவர் கையை மட்டும் பற்றிக்கொண்டாள்.

செம்பியை ஒருமுறை மடியில் வைத்துக்கொள்ள அவள் விரும்பினாள். ஆனால், வெறுங்கையால் தொடலாகாது என்று மருத்துவர் கூறியிருந்தார். தந்தை கையுறை அணிந்து, கிணற்றுக்குத் தொலைவில் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார். அவள் சற்று விலகி நின்று பார்த்தாள்.

அன்று மாலை அடுத்த வீட்டுக்காரர் வந்தார். “எஞ்சிய இரண்டையும் உடனே விற்றுவிடுங்கள். விலையாவது கிடைக்கும்” என்றார்.

“வாங்குபவர் வீட்டிலும் கோழிகள் இருக்குமே, மாமா!” என்றாள் அவள். பாட்டியும் அதனை ஆமோதித்தார். தெருவில் கோழி வளர்ப்போர் அனைவருக்கும் செய்தி சொல்லப்பட்டது. கோழிகள் திடீரென இறந்தால் மறைக்கலாகாது. 2023 ஜனவரியில் அதே மாவட்டத்து அழூர் ஊராட்சியில் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருந்த வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்பட்டன. அந்நோயா இந்நோயா என்பதை ஆய்வே காட்டும்.

எஞ்சிய இரண்டில் ஒன்றும் மூன்றாம் நாள் இறந்தது. மற்றொன்று பிழைத்தது.

வகுப்பில், “ஒரு கோழிக்காகவா அழுகிறாய்?” என்று சிலர் நகைத்தனர். தமிழாசிரியை அவர்களைத் தடுத்தார். “விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் உள்ளது. போரில் வீழ்ந்த வீரர்க்கு நடுகல் எடுத்த நம் முன்னோர், சண்டைச் சேவல் ஒன்றுக்கு எடுத்த கல் அது. சேவலின் உருவமும் வட்டெழுத்தும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரே ஒரு சேவலை நினைவில் வைக்க விரும்பியது. இவள் அழுவதில் வியப்பென்ன?” என்றார்.

சில மாதங்களுக்குப் பின் நான்கு குஞ்சுகள் வீட்டிற்கு வந்தன. அவற்றுள் எதற்கும் அவள் செம்பியின் பெயரை இடவில்லை. தடுப்பு மருந்துக்குரிய நாள்களை நாட்காட்டியில் சிவப்பு மையால் அவளே வட்டமிட்டாள்.

அருஞ்சொற்பொருள்
பஞ்சாரம் – கோழிகளைக் கவிழ்த்து மூடும் கூடை
எச்சம் – பறவையின் கழிவு
ஆமோதித்தல் – உடன்படுதல்
நடுகல் – இறந்தோர் நினைவாக நடப்படும் கல்

பயிற்சி
1. செம்பியிடம் காணப்பட்ட நோய்க்குறிகள் யாவை?
2. பறவைகள் நோயை வெளிக்காட்டாமைக்குக் காரணம் என்ன?
3. கோழிகளை விற்க மாணவி மறுத்தது ஏன்?
4. பிரித்து எழுதுக: செந்நிறம், வெறுங்கை.
5. வளர்ப்பு உயிரை இழந்த நண்பருக்கு ஆறுதல் கூறி ஐந்து தொடர்களில் கடிதம் எழுதுக.