தபீத்தாளின் ஊசி



"ஆண்டவர் நம்மளை எதுக்குத்தான் படைச்சாரோ" என்று பிரட்டுக்களத்திலும் இஸ்தோப்பிலும் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். நாள் முழுக்க மழையில் நனைந்து கொழுந்தை நிறுத்த பிறகு அரைப்பேர்தான் விழுந்தது என்று தெரிந்தால், அந்தக் கேள்வி இன்னும் பெரிசாகிறது. போதகருக்கும் டீச்சருக்கும் நர்சுக்கும்தான் தேவ நோக்கம் உண்டு, நமக்கு மலை ஏறி இறங்குவதே தலையெழுத்து என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். அது சரிதானா?

அப்போஸ்தலர் 9-ம் அதிகாரம், 36 முதல் 43 வரை எடுத்துக்கொள்வோம். யோப்பா ஒரு துறைமுகப் பட்டணம். இன்று இஸ்ரவேல் நாட்டின் டெல் அவிவ் நகரத்தோடு சேர்ந்திருக்கிறது. அங்கே தபீத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். கிரேக்கில் அவள் பெயர் தொற்காள். இரண்டுக்கும் மான் என்றுதான் அர்த்தம். அவளை வேதம் 'சீஷி' என்கிறது. மூல கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்தப் பெண்பாற் சொல் இவள் ஒருத்திக்குத்தான் வருகிறது. அப்பேர்ப்பட்டவள் பிரசங்கம் பண்ணியதாகவோ அற்புதம் செய்ததாகவோ எழுதவில்லை. அவள் ஏழைகளுக்குக் கொடுத்தாள், துணி தைத்தாள். அவ்வளவுதான்.

அவள் வியாதிப்பட்டு இறந்துபோனாள். பக்கத்து ஊரான லித்தாவில் இருந்த பேதுருவுக்கு 2 பேரை அனுப்பி ஆள் சொன்னார்கள். அவர் மேல்வீட்டுக்கு ஏறி வந்தபோது விதவைகள் சூழ்ந்து நின்று அழுதார்கள். நம் லயத்தில் சாவு விழுந்தால், போனவர் செய்த நன்மையைச் சொல்லிச் சொல்லி அழுவார்களே, அப்படித்தான். ஆனால் இவர்கள் சொன்னதோடு விடவில்லை. அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் எடுத்துக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் நூலைக் கையால் நூற்கணும், தறியில் நெய்யணும், பிறகுதான் ஊசி. ஒரு அங்கி பல நாள் பாடு. புருஷன் இல்லாத, ஆதரவில்லாத பெண்கள் அதற்கு எங்கே போவார்கள்?

தபீத்தாளுக்குச் சொப்பனம் வந்ததாக வேதத்தில் இல்லை. கையில் ஊசி இருந்தது, பக்கத்தில் உடுத்தத் துணியில்லாதவள் இருந்தாள். இரண்டையும் அவள் சேர்த்துப் பார்த்தாள். நம் லயத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களின் சம்பளச் சிட்டையை வாசித்து விளங்கப்படுத்துகிற தம்பி, ராத்திரியில் வலி கண்ட பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போகிற அக்கா, இவர்களை யாரும் ஊழியக்காரர் என்று சொல்வதில்லை. நாம் சொல்லலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். தேவ நோக்கம் என்றால் "கிடைச்சது போதும், வாயை மூடிக்கிட்டு இரு" என்று அர்த்தமில்லை. யாக்கோபு 5-ம் அதிகாரம் 4-ம் வசனத்தைப் பாருங்கள். வயலில் உழைத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரல் இடுகிறதாம், அது கர்த்தருடைய காதில் விழுகிறதாம். நியாயமான சம்பளம் கேட்கிறவன் தேவ சித்தத்துக்கு விரோதமாகப் போகவில்லை. அதேபோல, நன்றாகப் படிக்கிற மகளை நிறுத்தி கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டு "அவளுக்கு ஆண்டவர் குடுத்தது இதுதான்" என்று சொல்வது, எங்களைக் கேட்டால், ஆண்டவர் மேல் பழி போடுவதுதான். அவளுடைய ஊசி புத்தகமாகவும் இருக்கலாமே.

பேதுரு ஜெபம் பண்ணி தபீத்தாளை எழுப்பின பிறகு, யோப்பாவிலே தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில் பல நாள் தங்கினார். செத்த மிருகத்தின் தோலில் கை வைக்கிற அந்தத் தொழிலை யூதர்கள் தாழ்வாக நினைத்தார்கள். எந்த மனுஷனையும் தீட்டானவன் என்று சொல்லக்கூடாது என்கிற பாடத்தை ஆண்டவர் அவருக்குக் கற்பித்தது அந்த வீட்டு மேல்மாடியில்தான். 10-ம் அதிகாரத்தில் இருக்கிறது.

இந்த ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பகுதியை வீட்டிலே வாசியுங்கள். பிள்ளைகளில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். பிறகு ஒருவரை ஒருவர் கேளுங்கள்: எனக்கு நல்லா வரக்கூடிய வேலை எது? அது இல்லாமல் நம் லயத்தில் யார் கஷ்டப்படுகிறார்கள்? தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தால், பக்கத்தில் இருக்கிறவர் சொல்லட்டும். தபீத்தாளைப் பற்றியும் மற்றவர்கள்தானே சொன்னார்கள்.